எந்த குரூப்புல புதுசு வந்திருக்குன்னு நியூஸ்ரீடர் எப்படிக் கண்டுபிடிக்குது?

யூஸ்நெட்ங்கறது தலைப்புவாரியா குரூப் குரூப்பா மெசேஜ் போட்டுப் பேசிக்கற வலைப்பின்னல், அதைப் படிக்கற புரோகிராம்தான் நியூஸ்ரீடர். போன வாரம் ஒரு காலேஜ் தம்பி கேட்டார், "அண்ணா, யூஸ்நெட் சர்வர்ல ஆயிரக்கணக்குல குரூப் கிடக்கு, ஆனா நியூஸ்ரீடரைத் திறந்ததுமே இதுல 79 புதுசு, அதுல 4 புதுசுன்னு காட்டிடுதே, அதுக்குள்ள அவ்ளோத்தையும் படிச்சிடுதா?" ஒரு மெசேஜைக்கூட அது திறந்து பாக்கல தம்பி, அதான் இதுல அழகே.

யூஸ்நெட் 1979ல டியூக் யூனிவர்சிட்டில டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ்னு ரெண்டு மாணவர்கள் யோசிச்சது. சர்வருங்க ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் பரிமாறிக்கும், நாம ஏதோ ஒரு சர்வரோட பேசுவோம், அந்தப் பேச்சுக்கான முறை என்என்டிபி, 1986ல வந்துச்சு. சி புரோகிராம் மொழியைப் பத்திப் பேச காம்ப்.லாங்.சின்னு, இப்படி தலைப்புக்கு ஒரு குரூப், நம்மாளுங்களுக்கு சாக்.கல்ச்சர்.தமிழ்னு ஒண்ணு இருந்துச்சு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச எடத்துக்கு வர்றேன். சர்வர் தன்கிட்ட வர்ற ஒவ்வொரு மெசேஜுக்கும் அந்த குரூப்புக்குள்ள ஒரு வரிசை நம்பர் போடும், 1, 2, 3ன்னு ஏறிக்கிட்டே போகும், ஒரு தடவை குடுத்த நம்பரை வேற மெசேஜுக்குத் திரும்பக் குடுக்காது. நியூஸ்ரீடர் போய் "குரூப் காம்ப்.லாங்.சி"ன்னு ஒரே வரி கேட்டா, "211 1180 421 1600 காம்ப்.லாங்.சி"ன்னு ஒரே வரில பதில் வரும். 211ன்னா சரி, அப்படி ஒரு குரூப் இருக்குன்னு அர்த்தம். 1180 தோராயமா எத்தனை மெசேஜ் இருக்குங்கறது, 421 இருக்கறதுலயே பழசோட நம்பர், 1600 கடைசியா வந்ததோட நம்பர்.

மீதி கணக்கு முழுக்க நம்ம கம்ப்யூட்டர்லதான் நடக்குது. அங்க டாட் நியூஸ்ஆர்சின்னு ஒரு சின்ன ஃபைல், குரூப்புக்கு ஒரு வரி: "காம்ப்.லாங்.சி: 1-1520,1523". அதாவது 1520 வரைக்கும் படிச்சாச்சு, நடுவுல 1523ஐ மட்டும் தாவிப் போய்ப் படிச்சிருக்கோம். சர்வர் 1600ங்குது, அப்போ பாக்கி 1521, 1522, அப்புறம் 1524லருந்து 1600 வரைக்கும், மொத்தம் 79. பல வருஷம் படிச்ச கணக்கு ஒரு வரிக்குள்ள அடங்கிடுது பாருங்க! நடுவுல ஏதாச்சும் மெசேஜை யாராவது கேன்சல் பண்ணியிருந்தா அந்த நம்பர் ஓட்டையா நிக்கும், அதனாலதான் 79ன்னு காட்டிட்டு உள்ள போனா சில சமயம் 75தான் இருக்கும்.

சரி, எந்த குரூப்பைக் கேக்கறது? குரூப் பேருக்குப் பக்கத்துல முக்காப்புள்ளி இருந்தா சேர்ந்திருக்கோம், ஆச்சரியக்குறி இருந்தா விலகிட்டோம். முக்காப்புள்ளி இருக்கறதை மட்டும் கேட்டாப் போதும். இல்லன்னா ஆக்டிவ் ஃபைல்னு எல்லா குரூப்போட நம்பரும் இருக்கற பட்டியலை மொத்தமா இறக்கலாம், ஆனா 25,000 குரூப், வரிக்கு 40 பைட்னு வெச்சா பத்து லட்சம் பைட் ஆச்சு, நொடிக்கு 14,400 பிட் போற அந்தக் காலத்து மோடத்துல ஒம்பது நிமிஷத்துக்கு மேல ஓடும், அதுவரைக்கும் திரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். சேர்ந்திருக்கற 30 குரூப்பையும் பதிலுக்குக் காத்திருக்காம வரிசையா ஒரே மூச்சுல கேட்டுட்டு பதில்களை மொத்தமா வாங்கினா முடிஞ்சுது.

ஈமேக்ஸ்ங்கற டெக்ஸ்ட் எடிட்டருக்குள்ள இருக்கற க்னூஸ்ங்கற நியூஸ்ரீடர் இதுக்கு மேலயும் ஒரு படி போகும். ஒவ்வொரு குரூப்புக்கும் 1லருந்து 9 வரைக்கும் ஒரு லெவல்: 1-5 சேர்ந்தது, 6-7 சேராதது, 8 ஜோம்பி, அதாவது கிட்டத்தட்ட செத்தது, 9 முழுசா செத்தது. கடைசி ரெண்டுக்கும் படிச்ச கணக்கே வெச்சுக்காது. அவசரமா இருக்கறப்ப 2ன்னு சொல்லிட்டு புதுசைக் கேட்டா லெவல் 1, 2 மட்டும் செக் பண்ணிட்டு வந்துடும்.

இதுல நான் பெருசா மதிக்கறது என்னன்னா, நீங்க எதைப் படிச்சீங்கங்கற கணக்கை வெச்சுக்க வேண்டிய அவசியமே சர்வருக்கு இல்ல, அந்த நோட்டு உங்க வீட்லயே இருக்கு. இன்னைக்கு நாம படிக்கறது பூரா கம்பெனிக்காரன் கணக்குல ஏறுது. இந்த மாதிரி பொது முறைகளை உருவாக்கறவங்களுக்கு அரசாங்கம் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன்.

ஒரே ஒரு எடத்துல உஷாரா இருங்க. அந்த நம்பர் அந்தந்த சர்வருக்கு மட்டும்தான் சொந்தம். ஒரு தடவை நான் சர்வர் மாத்திட்டு பழைய ஃபைலையே வெச்சிருந்தேன், அதுல 48,000 வரைக்கும் படிச்சதா இருந்துச்சு, புது சர்வர்ல அந்த குரூப் 9,000த்துலதான் ஓடிட்டிருந்துச்சு, ரெண்டு வாரமா எதுவுமே வரலன்னு நினைச்சிட்டிருந்தேன். அந்த வரியை அழிச்சிட்டுத் திரும்ப சேர்ந்ததும் அத்தனையும் வந்து நின்னுச்சு. அதுலருந்து சர்வருக்கு ஒரு தனி ஃபைல் வெச்சிருக்கேன்.