சாந்தி: தணிவதா, அமைவதா?

'சாந்தி' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'அமைதி' என்று இருக்கும். தவறில்லை. ஆனால் நாம் அன்றாடம் புழங்கும் தொடர்களில் அதைப் போட்டுப் பாருங்கள். கிரக சாந்தி, உக்ரரத சாந்தி, சாந்தி முகூர்த்தம், சபரிமலை மேல்சாந்தி. 'கிரக அமைதி', 'மேல் அமைதி' என்று சொல்ல முடியுமா? எங்கேயோ இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்று பார்க்க வேரடிக்குப் போக வேண்டும்.

வடமொழியில் 'சம்' என்று ஒரு வினைவேர். பாணினி இலக்கண மரபின் வினைவேர்ப் பட்டியலான தாதுபாடம் அதற்குச் சொல்லும் பொருள் 'உபசமம்', அதாவது அடங்குதல், தணிதல். அணைந்துபோன தீயை அந்த மொழியில் 'சாந்த' என்ற அடைமொழியால்தான் சொல்வார்கள். ஆயுர்வேதத்திலும் இந்த வேர் உண்டு. உடலில் கெட்டதை வெளியேற்றுகிற சிகிச்சை சோதனம். வெளியேற்றாமல், இருக்கிற இடத்திலேயே தணிக்கிற சிகிச்சை சமனம். ஆக, சாந்தி வெறும் அசைவற்ற நிலை அல்ல. ஏதோ ஒன்று கொதித்தது, இப்போது தணிந்திருக்கிறது. அந்தத் தணிவுதான் சாந்தி.

இதைப் பிடித்துக்கொண்டால் சடங்குப் பெயர்கள் எல்லாம் தெளிவாகிவிடும். கிரக சாந்தி என்பது கோள்களின் உக்கிரத்தைத் தணிப்பது. 60ஆம் வயது தொடங்கும்போது செய்யும் உக்ரரத சாந்தியும் அந்த வயதுக்கு வரும் என்று நம்பப்படும் கண்டத்தைத் தணிப்பதற்குத்தான். கேரளக் கோயில்களில் பூசை செய்பவரைச் சாந்தி, மேல்சாந்தி, கீழ்சாந்தி என்பதும் இந்தச் சொல்தான்.

வேத மந்திரங்களின் முடிவில் 'ஓம் சாந்தி: சாந்தி: சாந்தி:' என்று மூன்று முறை சொல்வதற்கும் மரபில் காரணம் சொல்வார்கள். துன்பம் மூன்று வழியாக வருகிறது. தன் உடலாலும் மனத்தாலும் வருவது ஆதியாத்மிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். மழை, இடி, வெள்ளம் என்று நம் கைக்கு மீறிய சக்திகளால் வருவது ஆதிதைவிகம். ஒவ்வொன்றும் தணியட்டும் என்று ஒவ்வொரு முறை. சுக்ல யஜுர் வேதத்தின் 36ஆம் அத்தியாயத்தில் உள்ள மந்திரம் இன்னும் விரிந்தது. வானம் சாந்தி, இடைவெளி சாந்தி, பூமி சாந்தி, நீர் சாந்தி, செடிகொடிகள் சாந்தி என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில்தான் 'அந்தச் சாந்தி எனக்கும் வரட்டும்' என்று கேட்கிறது. சுற்றியுள்ள அத்தனைக்கும் கேட்ட பிறகே தனக்கு. மன நிம்மதியைத் தனிச் சொத்தாகத் தேடுகிற நமக்கு இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

கீதைக்கு வருவோம். இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் முதலில் கொதிப்பு எப்படி உண்டாகிறது என்று சொல்கிறான். ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம். அப்புறம்தான் 66ஆம் சுலோகத்தில் அந்தக் கேள்வி: 'அசாந்தஸ்ய குத: ஸுகம்?' சாந்தி இல்லாதவனுக்குச் சுகம் ஏது? நாம் வழக்கமாக இதைத் தலைகீழாக நினைக்கிறோம், சுகம் வந்தால் சாந்தி தானாக வரும் என்று. 70ஆம் சுலோகம் இன்னும் ஆழம். ஆறுகள் வந்து கலந்துகொண்டே இருந்தாலும் கரை மீறாத கடலைப் போல, ஆசைகள் உள்ளே வந்தாலும் நிலைகுலையாதவன் எவனோ அவனே சாந்தியை அடைகிறான். ஆறுகளை அணை போட்டு நிறுத்தச் சொல்லவில்லை, கவனியுங்கள். வீட்டுக்கவலை, பிள்ளைகளின் படிப்பு, கடன் எல்லாம் வந்துகொண்டேதான் இருக்கும்.

பக்தியின் வழியையும் கீதையே காட்டுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசிச் சுலோகம், எல்லா உயிர்களுக்கும் நண்பன் என்று என்னை அறிந்தவன் சாந்தியை அடைகிறான் என்கிறது. ஆளும் இறைவன் என்று சொன்ன கையோடு நண்பன் என்றும் சொல்லி, அந்த அறிதலோடு சாந்தியைச் சேர்த்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேர்ப்பொருளுக்கு நேர் நிற்பது 'தணிவு'தான். தீ தணியும், தாகம் தணியும், சினம் தணியும். சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடம் என்று திருத்தணிக்கு மரபில் பெயர்க்காரணம் சொல்வதும் இதனால்தான். கிரக சாந்தியைக் 'கோள் தணிப்பு' என்றால் பொருள் சிதையாது.

'அமைதி' வேறு வழியில் வந்த சொல். 'அமை' என்றால் பொருந்து, நிலைகொள். இலக்கணத்தில் 'வழுவமைதி' படித்திருப்போம். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணைப்படி வழு, அதாவது பிழை. ஆனால் உவப்பினால் சொன்னதால் அதை அமைத்துக்கொள்கிறோம், ஏற்றுக்கொள்கிறோம். அமைதிக்குள் இந்த ஏற்பும் இருக்கிறது. தணிவு கொதிப்பு அடங்குவதைச் சொல்கிறது; அமைதி அதன் பிறகு மனம் தன் இடத்தில் பொருந்துவதைச் சொல்கிறது. மன சாந்திக்கு 'மன அமைதி' சரியான சொல் என்றே சொல்வேன்.

ஆனால் தமிழ்ப் பக்தி இந்த நிலையைச் சொல்ல இந்தச் சொற்களோடு நிற்கவில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்குள் அடைக்கப்பட்டபோது அப்பர் பாடியதாக மரபு சொல்லும் தேவாரம் இது:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

சாந்தி என்ற சொல்லும் இல்லை, அமைதி என்ற சொல்லும் இல்லை. சுற்றிலும் வேகிறது, பாட்டில் நிலவும் தென்றலும் குளமும் இறைவனடி நிழலும். வெப்பம் எங்கே உச்சமோ அங்கேயே தணிவு. 'சம்' என்ற வேருக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது. அருணகிரிநாதர் கந்தரனுபூதியில் 'சும்மா இரு சொல்லற' என்கிறார். தாயுமானவரோ, மதயானையை வசமாக நடத்தலாம், கரடி, புலியின் வாயைக் கட்டலாம், ஆனால் 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது' என்கிறார். அந்த எளிய 'சும்மா' யோகியின் சாந்திக்குத் தமிழ் கொடுத்த சொல்.

'நிம்மதி' பேச்சில் நன்றாகவே ஓடுகிறது. கன்னடத்தில் மன அமைதிக்கு 'நெம்மதி' என்கிறார்கள், தெலுங்கில் 'நெம்மதி' நிதானம். தினசரிப் பேச்சுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். 'சமாதானம்' தமிழில் சண்டைக்குப் பிந்தைய உடன்பாட்டையே முதலில் நினைவூட்டுகிறது. கிறித்தவத் தமிழில் மட்டும் மன அமைதிக்கும் உரிய சொல்லாக வேரூன்றியிருக்கிறது. இன்னொன்று: சங்கப் பாடல்களில் வரும் 'சாந்தம்' சந்தனம், குணத்தைக் குறிக்கும் சாந்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரங்கல் செய்தியில் 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? இறந்தவருக்கு 'இறைவனடி நிழலில் அமைதி கொள்க' என்று எழுதலாம். வீட்டில் இருப்பவர்களிடம் 'ஆறுதல்' என்ற சொல்லைச் சொல்லுங்கள். சூடு ஆறுவதும் துக்கம் ஆறுவதும் தமிழில் ஒரே வினைதான்.