மரப்பெட்டியின் மூடி ஏன் வெடிக்கிறது?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சாதாரண வீடுகளில் ஆறு பலகைப் பெட்டி ஒன்று இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, அடியில் ஒன்று, மேலே மூடி. ஆணி அடித்தால் பெட்டி தயார். இன்றும் மிஞ்சியிருக்கும் அந்தப் பெட்டிகள் பலவற்றில் முன்பலகையின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருப்பதைப் பார்க்கலாம். செய்தவருக்குக் கைவேலை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பலகை கனமானது, ஆணியும் அழுத்தமாகத்தான் இறங்கியிருக்கிறது. ஆணி அவ்வளவு அழுத்தமாகப் பிடித்ததுதான் கோளாறே.

முன்பலகையில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, படுக்கையாக ஓடுகிறது. பக்கப் பலகையோ கீழே நீண்டு பெட்டிக்குக் காலாகவும் நிற்க வேண்டும், அதனால் அதில் ரேகை செங்குத்து. இரண்டையும் சேர்த்து ஆணி அடித்தால், ஒன்று அசைய நினைக்கும்போது இன்னொன்று விடாது. பெட்டி செய்ய உட்காருகிற யாரும் உளியைத் தீட்டுவதற்கு முன் இந்த அசைவைப் புரிந்துகொள்வது நல்லது.

மரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் வைக்கோல் கட்டு மாதிரி இருக்கும்: நீளநீளமான குழாய்கள், எல்லாம் ஒரே திசையில். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழாய்களுக்குள் தேங்கியிருப்பது ஒன்று, குழாய்ச் சுவர்களில் ஊறியிருப்பது இன்னொன்று. அறுத்த மரம் காயும்போது உள்ளே தேங்கிய நீர்தான் முதலில் போகும். அதுவரை பலகையின் அளவு அநேகமாக மாறாது, எடைதான் குறையும். ஈரப்பதம் 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுவர் காயத் தொடங்கும். சுருக்கமும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

அந்தச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்கும், நீளத்தில் இழுக்காது. அதனால்தான் பலகை அகலத்தில் தாராளமாகவும் நீளத்தில் கொஞ்சங்கூட இல்லை என்று சொல்லும் அளவுக்கும் மாறுகிறது. அகலத்திலும் எல்லாப் பலகையும் ஒன்றல்ல. வெட்டுமுகத்தைப் பாருங்கள். வருட வளையங்கள் வில்லாகப் படுத்திருந்தால் அந்தப் பலகை, வளையங்கள் நிமிர்ந்து நிற்கும் பலகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அசையும். மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த்திசுக்கள் அந்தத் திசையில் மரத்தைப் பிடித்து நிறுத்துவது இதற்கு ஒரு காரணம்.

எண்ணில் பார்த்தால்தான் இதன் தீவிரம் தெரியும். தேக்கில் மூடி செய்கிறோம், அகலம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த கோடையில் பலகையின் ஈரப்பதம் 10 சதவீதம், அடைமழையில் 14. வளையம் படுத்த பலகையானால் மூடியின் அகலம் 3.7 மில்லிமீட்டர் கூடும். வளையம் நிமிர்ந்ததானால் 2 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்திலோ மாற்றம் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. இத்தனைக்கும் தேக்கு அடக்கமான மரம். அமெரிக்கச் செவ்வோக்கு மரம், வளையம் படுத்த பலகையானால், இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்டம் போடும்.

இந்த மூன்று, நான்கு மில்லிமீட்டரைத் தடுக்க முடியாது. இடம் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

பெட்டியின் நான்கு சுவர்களில் வேலை சுலபம். நான்கிலும் ரேகை படுக்கையாக, பெட்டியைச் சுற்றி ஓடுகிற மாதிரி வைத்தால் போதும். மழைக்கு நான்கும் சேர்ந்து உயரும், வெயிலுக்குச் சேர்ந்து இறங்கும், மூலையில் சண்டை வராது. மூலைப் பொருத்துக்குப் புறாவால் வடிவத்தை (ஒரு பலகையின் முனையில் புறாவின் வால்போல விரிந்த துண்டுகள், அவற்றுக்கு இடையே பொருந்தும் பற்கள் மற்றதில்) ஆசாரிகள் விரும்புவது அழகுக்காக மட்டும் அல்ல. பலகையின் வெட்டுமுகத்தில் குழாய்களின் வாய் திறந்திருப்பதால் அங்கே தடவிய பெவிகாலை மரம் உறிஞ்சிவிடும், பிடிப்பு பலவீனம். பல்லும் வாலுமாகக் கோத்தால் பலகைகளின் பக்கவாட்டு முகங்கள் ஒன்றையொன்று தொடும், பசை அங்கே நன்றாகப் பிடிக்கும். வால் முன், பின் பலகைகளில் இருக்கட்டும். பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது பக்கப் பலகைதான் வெளியே வரப் பார்க்கும், விரிந்த வால் அதை விடாது. பொறுமை இல்லை என்றால் பசையும் திருகாணியும் வைத்தாலும் பெட்டி நிற்கும், அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

சிக்கல் எல்லாம் மூடியில்தான். ஐந்தாறு பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டிய மூடி வளையாமல் இருக்க, அடியில் குறுக்காக இரண்டு ரீப்பர் (ஒடுக்கமான மரக்கட்டை) கொடுப்பது வழக்கம். ரீப்பரின் ரேகை மூடியின் ரேகைக்குக் குறுக்கே ஓடுகிறது. ரீப்பரின் நீளம் மாறாது, மூடியின் அகலம் மாறும். ஆறு பலகைப் பெட்டியின் கதைதான் மறுபடியும். ரீப்பரை முழுக்கப் பசை போட்டு ஒட்டினால் மழையில் மூடி வீங்க இடமின்றி முதுகு தூக்கும், கோடையில் சுருங்க வழியின்றி வெடிக்கும்.

ஆகவே ரீப்பருக்குப் பசையே வேண்டாம். நடுவில் ஒரு திருகாணியை இறுக்கமாகப் போடுங்கள், மூடி அங்கிருந்து இரண்டு பக்கமும் சமமாக விரியும். இரு ஓரத்துத் திருகாணிகளுக்கு ரீப்பரில் போடும் துளை வட்டமாக இல்லாமல் ரீப்பரின் நீளவாக்கில் நீண்டிருக்க வேண்டும். கணக்கு எளிது. மொத்த அசைவு 3.7 மில்லிமீட்டர், நடுவிலிருந்து பக்கத்துக்குச் சுமார் 2. திருகாணியின் கழுத்து 4 மில்லிமீட்டர் என்றால் துளையின் நீளம் 8. தலைக்கு அடியில் ஒரு வாஷர் போட்டு, இறுக்கிய பிறகு கால் திருப்பு தளர்த்தி விடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் மரத்தில் வாஷர் நகர்ந்த தடம் தெரியலாம்.

இன்னொரு வழி, சட்டமும் பலகையும். நான்கு சட்டங்களின் உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, நடுப்பலகையை ஒட்டாமல் காடிக்குள் சொருகிவிட வேண்டியது. பலகை உள்ளேயே விரிந்து சுருங்கும், வெளியளவு மாறாது. ஐரோப்பாவில் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஆறு பலகைப் பெட்டிக்குப் போட்டியாகப் பரவிய முறை இது. நம் வீட்டுத் தேக்குக் கதவும் இதே ஏற்பாடுதான். அந்தப் பலகை லேசாகக் கடகடவென்று ஆடினால், ஆசாரி சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். பசை ஊற்றி அதை நிறுத்த வேண்டாம்.

அடிப்பலகைக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் தலைவலி இல்லை. அதில் ஒரு அடுக்கின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கை ஒட்டியிருப்பதால் ஒன்று இன்னொன்றை அசையவிடாது. முழுத் தேக்கு என்று சொல்லிக்கொள்ளும் பெருமை மட்டும் கொஞ்சம் குறையும்.

அப்புறம் வார்னிஷ். அது ஈரத்தைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது, தாமதப்படுத்தும். மூடியின் மேற்புறம் மட்டும் பளபளவென்று அடித்து உட்புறத்தை அப்படியே விட்டால், ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் மெதுவாகவும் ஈரம் வாங்கி மூடி வளையும். எனவே இரண்டு பக்கமும் பூச வேண்டும். ஆனால் பெட்டிக்குள் ஆளி விதை எண்ணெய் வேண்டாம். அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெளிவரும் வாடை மூடிய பெட்டிக்குள் துணியில் ஏறிக்கொள்ளும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்ச் பாலிஷ் உள்ளே போதும், ஸ்பிரிட் ஆவியானதும் வாடையும் போய்விடும். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே கரையானுக்குப் பிடிக்காத பொருட்கள் இருக்கின்றன, ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வெள்ளை ஓடிய பலகையை வாங்கினால் வண்டு துளைக்கும்.

கடைசியாகப் பூட்டு. அமெரிக்காவில் 1912 முதல் 1987 வரை செய்து விற்ற ஒருவகை சீடர் மரப்பெட்டிகளில், மூடி விழுந்ததும் தாழ் தானாகவே மாட்டிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்க முடியாது. விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்ததால், 1996-இல் அந்தப் பூட்டுகளை மாற்றித்தர அறிவிப்பு வந்தது. வீட்டில் செய்யும் பெட்டிக்கு, வெளியிலிருந்து கையால் மாட்டுகிற கொண்டியும் நாதாங்கியும் போதும். பின்பலகையின் மேல்விளிம்பில் விரல் தடிமனுக்கு இரண்டு மூன்று காற்றுத்துளைகள் போட்டு, மூடி தடாலென்று விழாமல் பிடித்து நிறுத்தும் தாங்கி ஒன்றையும் கீலோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.