முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னாடியே நரம்பை உறைய வைக்கிறாங்களே, அது எப்படி வேலை செய்யுது?

முழங்கால் மாத்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தர் கூட ரெண்டு வாரம் இருந்து பாத்தீங்கன்னா தெரியும், நிஜமான கஷ்டம் தியேட்டருக்குள்ள இல்ல, அதுக்கப்புறம் பிசியோதெரபிஸ்ட் வந்து குதிகாலைப் பிடிச்சுக்கிட்டு "கொஞ்சம் மடக்குங்க, இன்னும் கொஞ்சம்"னு சொல்ற அந்த நிமிஷத்துலதான் இருக்கு. வலிக்குப் பயந்து மடக்காம விட்டா உள்ள தழும்பு மாதிரி திசு வளர்ந்து மூட்டு இறுகிப் போயிடும், அப்புறம் எவ்வளவு நல்ல இம்ப்ளாண்ட் வச்சிருந்தாலும் படி ஏறி இறங்குறது கஷ்டம்தான். ஆபரேஷன் அன்னிக்கு போடுற நரம்பு மரப்பு ஊசி பெரும்பாலும் ஒரு நாளோட தீந்துடுது, வலியோ வாரக்கணக்குல நிக்குது. நடுவுல இருக்கிற அந்த இடைவெளிய இவ்வளவு நாளா அடைச்சது ஓபியாய்டு வகை வலி மாத்திரைங்கதான், அதுல மயக்கம், குமட்டல், மலச்சிக்கல், சிலருக்கு பழக்கமாயிடுற ஆபத்தும் கூடவே வருது.

இந்த இடைவெளிய நிரப்புறதுக்குத்தான் கிரையோநியூரோலைசிஸ்னு ஒண்ண பயன்படுத்துறாங்க. ஆபரேஷனுக்கு சில நாள் முன்னாடியே முழங்கால் தோலுக்கு உணர்வு கொடுக்கிற நரம்பை ஊசி முனையில உறைய வச்சிடுறது.

ஐஸ் பேக் வைக்கிறதும் குளிர்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்னு கேக்கலாம். ஐஸ் பேக் நரம்புல ஓடுற சிக்னலோட வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், எடுத்துட்டா கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடும். நரம்போட வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போகும்போதுதான் கதை மாறுது, நரம்புக்குள்ள ஐஸ் படிகம் உருவாகி, அதுக்கு ரத்தம் கொண்டுபோற நுண்ணிய குழாய்களும் சேதமாகி, சிக்னல் கடத்துற ஆக்சான்ங்கிற நீள இழை அந்த இடத்துல அறுந்து போகுது. அறுந்த இடத்துலேர்ந்து தோல் பக்கம் இருக்கிற மிச்ச இழை முழுக்க மெல்ல மெல்ல சிதைஞ்சு கரைஞ்சுடும். வெட்டுப்பட்ட நரம்பு இப்படி சிதையுறதை 1850-ல தவளையோட நாக்கு நரம்புல முதல்ல பாத்து எழுதினவர் அகஸ்டஸ் வாலர், அதனால இதுக்கு வாலேரியன் சிதைவுனே பேரு.

நரம்பு சிதையுதுன்னு கேட்டதும் பயமாத்தான் இருக்கும், ஆனா எனக்கு இந்த சிகிச்சையில ரொம்ப பிடிச்ச விஷயமே இங்கதான் இருக்கு. ஒரு பந்தல்ல அவரைக் கொடி படர்ந்திருக்குன்னு வச்சுக்கங்க. கொடிய நடுவுல நறுக்கிட்டா நுனிப்பக்கம் காஞ்சு உதிர்ந்துடும், ஆனா பந்தல் அப்படியே நிக்கும், வேர்ப்பக்கம் உயிரோட இருக்கிற கொடி மறுபடி துளிர்த்து அதே பந்தலைப் பிடிச்சுக்கிட்டு பழைய இடத்துக்கே போய்ச் சேரும். நரம்புல ஆக்சான்தான் கொடி, அதைச் சுத்தி இருக்கிற எண்டோநியூரியம்னு சொல்ற மெல்லிய உறை பந்தல். குளிர் கொடிய மட்டும் அறுக்குது, அந்த உறையை அப்படியே விட்டு வைக்குது. கத்தியால நரம்பை வெட்டினா பந்தலும் சேந்து அறுந்துடும், அப்போ முளைக்கிற இழைங்க வழி தெரியாம சுருண்டு நியூரோமாங்கிற வலிக்கிற முடிச்சா மாற வாய்ப்பு இருக்கு. உறைய வைக்கும்போது அந்த ஆபத்து ரொம்ப கம்மி.

திரும்ப முளைக்கிற ஆக்சான் ஒரு நாளைக்கு சுமாரா 1 மில்லிமீட்டர்லேர்ந்து 2 மில்லிமீட்டர் வளரும். உறைய வச்ச இடத்துலேர்ந்து 10 சென்டிமீட்டர் போகணும்னா, 1 மில்லிமீட்டர் கணக்குல 100 நாள். மூணு மாசம் வரைக்கும் வலி குறைஞ்சிருக்கும்னு சொல்றாங்களே, அது எங்கேர்ந்து வருதுன்னு இப்போ புரியும், மருந்து மூணு மாசம் உடம்புல தங்கி வேலை செய்யல, கொடி படர அவ்வளவு நாள் ஆகுது, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு குளிர் வேணாலும் வைக்கலாமான்னா, கூடாது. மைனஸ் 140-க்கும் கீழ போனா அந்த மெல்லிய உறையும் சேந்து கெட்டுப்போகும், அப்போ மறுபடி ஒழுங்கா முளைக்கும்னு நம்ப முடியாது. இங்கதான், உறைய வைக்கப் பயன்படுத்துற நைட்ரஸ் ஆக்சைடுங்கிற வாயு அழகா பொருந்துது. அதோட கொதிநிலை சுமார் மைனஸ் 88 டிகிரி, அதுக்கு மேல குளிராக்கணும்னு நினைச்சாலும் அதால சுலபமா முடியாது, அதனால அறுக்க வேண்டியது அறுந்து, காப்பாத்த வேண்டியது தப்பிக்குது.

கருவி கையில பிடிக்கிற அளவுதான், உள்ள சின்ன கேட்ரிட்ஜ்ல நைட்ரஸ் ஆக்சைடு அழுத்தத்துல திரவமா இருக்கும். முனையில இருக்கிற ஊசிங்க நுனி மூடினது, அதாவது உடம்புக்குள்ள எதுவும் பீச்சுறது இல்ல. திரவம் ஊசிக்குள்ள வந்து ஆவியா மாறும்போது சுத்தி இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கும். ஊசி போடுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தடவினா அந்த இடம் சில்லுன்னு ஆகுதுல்ல, அதே சங்கதிதான், பல மடங்கு பலமா நடக்குது. ஊசியைச் சுத்தி திசுவுக்குள்ள ஒரு குட்டி ஐஸ் உருண்டை உருவாகும், ஆவியான வாயு கருவி வழியாவே வெளிய போயிடும். மேல்தோல் உறைஞ்சு புண்ணாகாம இருக்க ஊசியோட அடிப்பக்கத்துல சூடாக்குற அமைப்பு வச்சிருக்காங்க. முதல்ல தோலை மரத்துப்போக வச்சுட்டு, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷம் கிட்ட வச்சு எடுத்து, கோடு பிடிச்ச மாதிரி பக்கத்து பக்கத்து இடத்துல செய்வாங்க, நரம்பு எங்க ஓடுதுன்னு பாக்க அல்ட்ராசவுண்டும் வச்சுக்குவாங்க. முடிஞ்சதும் நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

நடந்து போக முடியுறதுக்கும் காரணம் இருக்கு. உறைய வைக்கிறது ரெண்டு நரம்பு, காலோட உள்பக்கமா ஓடுற சஃபீனஸ் நரம்புலேர்ந்து பிரிஞ்சு முழங்கால் சில்லுக்குக் கீழ போற கிளை ஒண்ணு, தொடையோட முன்பக்கத் தோலுக்கு வர்ற நரம்பு இன்னொண்ணு. ரெண்டும் உணர்வு மட்டும் கடத்துற நரம்பு, தசைய அசைக்கிற வேலை இதுங்களுக்குக் கிடையாது, அதனால கால் பலம் குறையாது.

குளிரால வலி மட்டுப்படும்னு மனுஷங்களுக்கு ரொம்ப நாளாவே தெரியும், 1807-ல நெப்போலியன் படையோட சர்ஜன் லாரே, உறையுற குளிர்ல கை கால் எடுக்கும்போது சிப்பாய்ங்களுக்கு வலி கம்மியா இருந்ததை கவனிச்சிருக்கார். 1961-ல அமெரிக்க நரம்பு சர்ஜன் இர்விங் கூப்பர் திரவ நைட்ரஜன் ஓடுற ப்ரோப், அதாவது குச்சி மாதிரி கருவி, செஞ்சார், 1976-ல டாக்டர் லாயிடும் கூட இருந்தவங்களும் நரம்பை உறைய வச்சு வலியைக் குறைக்கிறதுக்கு கிரையோஅனல்ஜீசியானு பேர் வச்சாங்க.

வலி சுத்தமா போயிடும்னு நம்பிக்கிட்டு யாரும் போகக்கூடாது. இந்த ரெண்டு நரம்பும் முழங்காலோட முன்பக்கத்தைத்தான் பாத்துக்குது, மூட்டோட ஆழத்துலயும் பின்பக்கத்துலயும் வேற நரம்புங்க இருக்கு, அங்கேர்ந்து வர்ற வலி அப்படியே வரும், அதனால மாத்திரையும் மரப்பு ஊசியும் கூடவே தேவைப்படும். ஆராய்ச்சி முடிவுங்களும் ஒரே மாதிரி இல்ல. 2021-ல வெளியான ஒரு ட்ரையல்ல, சேர்ந்த எல்லாரையும் வச்சு கணக்குப் பாத்தப்போ ஓபியாய்டு உபயோகம் குறைஞ்சுதுன்னு உறுதியா சொல்ல முடியல, திட்டப்படி முழுசா போனவங்களை மட்டும் எடுத்துப் பாத்தப்போ குறைஞ்சிருந்தது. என் பார்வையில இது நல்ல துணை, ஆனா தனியா நிக்கிற வைத்தியம் இல்ல.

குளிர் பட்டா விரல் வெளுத்து நீலமாகிற ரேனாட்ஸ் இருக்கிறவங்க, குளிருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வர்றவங்க, குளிர்ல ரத்தத்துல இருக்கிற சில புரதங்க திரண்டுக்கிற கிரையோகுளோபுலினீமியா இருக்கிறவங்க இதைப் பண்ணிக்கக்கூடாது, டாக்டர் கேக்க மறந்தாலும் நீங்களே சொல்லிடுங்க. மத்தவங்களுக்கு ஊசி போட்ட இடத்துல ரத்தக் கட்டு, வீக்கம், சிலருக்கு தோல் நிறம் மாறுறது இதெல்லாம் வரலாம்.

இன்னொண்ணு, இதைப் பலபேர் கிட்ட யாரும் விளக்கிச் சொல்றதில்ல. முழங்கால் ஆபரேஷன்ல முன்னாடி நீளமா கீறும்போதே சஃபீனஸோட அந்தக் கிளை அடிக்கடி வெட்டுப்படுது, அதனால தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு திட்டு மரத்துப்போயிருக்கும், சிலருக்கு அது நிரந்தரமாவே இருக்கும். உறைய வச்சதால வர்ற மரப்பு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா விலகும், விலகும்போது எறும்பு ஊர்ற மாதிரி சுருக் சுருக்குன்னு இருக்கலாம், அது பெரும்பாலும் கொடி திரும்ப வந்துக்கிட்டிருக்கிற அடையாளம். ரெண்டு மரப்பும் ஒரே இடத்துல சேந்து வரும்ங்கிறதால, எது திரும்பும் எது திரும்பாதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.