காவலாளி இல்லாத காவல்: வெப்அசெம்ப்ளி கிளவுடில் ஓடும் விதம்

“ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு என்று ஜாவா 1995-லேயே சொல்லிவிட்டது. இப்போது வெப்அசெம்ப்ளியில் புதிதாக என்ன இருக்கிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எந்த இயந்திரத்துக்கும் சொந்தமில்லாத ஒரு நடுமொழிக்கு நிரலை மாற்றி வைத்துக்கொண்டு, ஓட்டும் இடத்தில் அந்தந்த பிராசசருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் யோசனை ஜாவாவைவிடப் பழையது. 1960-களில் பிசிபிஎல் மொழிக்கு ஓ-கோடு இருந்தது. 1970-களில் பாஸ்கல் மொழிக்கு பி-கோடு வந்தது; கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் அதைப் பரப்பியது. வெப்அசெம்ப்ளியும் அப்படியொரு நடுமொழிதான். ஆகவே ‘எங்கும் ஓடும்’ என்பதற்காக நான் வெப்அசெம்ப்ளியைக் கொண்டாட மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை, மற்றவர்களின் நிரல்கள் ஓடும் அதே புராசஸுக்குள் (ஓடும் நிரலுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் ஒதுக்கும் தனி இடம்), வேகத்தை அதிகம் விட்டுக்கொடுக்காமல் ஓட்டலாம். அதற்காகத்தான் கொண்டாடுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் நிரல்களை வேகமாக ஓட்ட மோசில்லா 2013-இல் கொண்டுவந்த ஏஎஸ்எம்.ஜேஎஸ் முயற்சியின் வாரிசாக வெப்அசெம்ப்ளி 2015-இல் அறிவிக்கப்பட்டது. 2017-இல் முக்கியமான நான்கு பிரவுசர்களிலும் ஓடத் தொடங்கியது. 2019 டிசம்பரில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையானது. சி, சி++, ரஸ்ட், கோ என எதில் எழுதினாலும் கம்பைலர் அதை ‘வாஸம்’ கோப்பாக மாற்றித் தரும். அந்தக் கோப்பு இன்டெல் சர்வரிலும் ஓடும், ஆர்ம் சர்வரிலும் ஓடும். 2019 மார்ச்சில் ‘வாசி’ என்ற இடைமுகம் அறிவிக்கப்பட்டது. பிரவுசருக்கு வெளியே வாஸம் நிரல் கோப்பைத் திறப்பது, நேரம் கேட்பது போன்றவற்றை எப்படிச் செய்வது என்பதை வகுத்தது அதுதான். இந்த இரண்டும் 2008-லேயே இருந்திருந்தால் டாக்கரை (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில், அதாவது கன்டெய்னர்களில், அடைத்து ஓட்டும் மென்பொருள்) உருவாக்க வேண்டியே வந்திருக்காது என்று அப்போது சொன்னவர், டாக்கரை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ்.

கிளவுட்காரர்கள் இதற்கு ஏன் இவ்வளவு ஆசைப்பட்டார்கள்? சர்வர்லெஸ் முறையில் ஒரு கோரிக்கை வந்ததும் வாடிக்கையாளரின் ஃபங்ஷனை எழுப்பி, ஓட்டி, பதிலை அனுப்பிவிட்டு மூடிவிட வேண்டும். ஒரே சர்வரில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் ஃபங்ஷன்கள் இருக்கும். ஒருவருடையது இன்னொருவரின் மெமரியை எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்காகக் கன்டெய்னர் கட்டினார்கள், அதற்கும் மேலே குட்டி மெய்நிகர் இயந்திரம் கட்டினார்கள். அமேசானின் ஃபயர்கிராக்கர் அப்படிப்பட்ட ஒன்றைச் சுமார் 125 மில்லிவினாடியில் எழுப்பிவிடும். அருமையான பொறியியல்தான். ஆனால் உள்ளே நடக்கிற வேலை ஒரே மில்லிவினாடி என்றால் இந்தக் கூலி கட்டுப்படியாகாது.

வாஸம் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வாஸம் நிரலுக்குக் கிடைக்கும் மெமரி ஒரே நீளமான பட்டை. 64 கேபி அளவுள்ள பக்கங்களாக வளரும். அதில் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும் முகவரிகள் 32 பிட் எண்கள். ஆகவே பட்டை எவ்வளவு வளர்ந்தாலும் 4 ஜிபிதான். ‘இந்த இடத்தில் இருப்பதை எடு’ என்ற கட்டளையில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஓடும்போது தெரியவரும் இன்டெக்ஸ், மற்றொன்று கம்பைலர் எழுதி வைத்த ஆஃப்செட். இரண்டும் 32 பிட். இரண்டையும் கூட்டினால் வருவதே முகவரி.

இந்தக் கட்டளை பட்டைக்கு வெளியே கை நீட்டினால் என்ன செய்வது? ஒவ்வொரு முறையும் ‘கூட்டிய எண் பட்டையின் நீளத்துக்குள் இருக்கிறதா’ என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் ஒரு நிரல் செய்யும் வேலையில் பெரும்பங்கு மெமரியிலிருந்து எடுப்பதும் வைப்பதும்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்பீடு, ஒரு கிளைபிரிப்பு என்று சேர்த்தால் வேகம் போய்விடும்.

எனவே வாஸம் நிரலை ஓட்டும் மென்பொருளான ரன்டைம் வேறு வழியில் போகிறது. 64 பிட் லினக்ஸில் ஒரு புராசஸுக்குக் கிடைக்கும் முகவரி வெளி 128 டிபி. முகவரி வெளி வேறு, உண்மையான மெமரி வேறு. புறநகரில் லே-அவுட் போட்டு மனை எண்ணோடு கல் நட்டிருப்பார்கள், வீடு என்னவோ இரண்டுதான் இருக்கும். அந்த மாதிரி, முகவரிகளை ஒதுக்கி வைப்பதற்கு மெமரி எதுவும் செலவாவதில்லை. ஆகவே ஒவ்வொரு வாஸம் நிரலுக்கும் ரன்டைம் 8 ஜிபி முகவரிகளைத் தாராளமாக ஒதுக்குகிறது. முதல் சில பக்கங்களில் மட்டும் உண்மையான மெமரி. மீதி அத்தனைக்கும் ‘தொடாதே’ என்ற குறி.

ஏன் 8 ஜிபி? 32 பிட் இன்டெக்ஸோடு 32 பிட் ஆஃப்செட்டைக் கூட்டினால் 33 பிட்டைத் தாண்டாது. 33 பிட் என்றால் 8 ஜிபி. அதற்கு அப்பால், ஒரே கட்டளையில் படிக்கும் சில பைட்டுகளுக்கு இடம் விட்டால் போதும். ஒரு கட்டளை எவ்வளவுதான் தவறாகக் கணக்கிட்டாலும், எவ்வளவுதான் வஞ்சகமாக எழுதப்பட்டிருந்தாலும், அது போய் விழும் இடம் தனக்கென்று ஒதுக்கிய வேலிக்குள்தான் இருக்கும்! சி நிரல்களில் அடிக்கடி நேரும் ‘மைனஸ் 1’ இன்டெக்ஸ் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். வாஸம் முகவரியில் கூட்டல், கழித்தல் குறி கிடையாது. முகவரி பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது 429 கோடிக்கும் மேற்பட்ட பெரிய எண்ணாகிவிடும். பின்னால் இருக்கும் அடுத்தவர் மெமரிக்குப் போக வேண்டியது, முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் போய் முட்டிக்கொள்ளும்.

சரி, ‘தொடாதே’ என்ற குறியைப் பார்ப்பது யார்? பிராசசருக்குள் இருக்கும் மெமரி மேலாண்மைச் சுற்று. எந்த நிரல் ஓடினாலும் அது ஒவ்வொரு முகவரியையும், எந்தப் பக்கத்தைத் தொடலாம் என்று குறித்து வைத்திருக்கும் பக்க அட்டவணையோடு ஒத்துப்பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வேலைக்கான விலையை நாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. வாஸம் அதில் ஓசியில் ஏறிக்கொள்கிறது. இன்டெல் பிராசசரில் ஒரு வாஸம் வாசிப்பு பெரும்பாலும் ஒரே ஒரு இயந்திரக் கட்டளையாக முடிந்துவிடுகிறது, ஒப்பீடே கிடையாது.

தொட்டுவிட்டால்? பிராசசர் தடுக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று குரல் கொடுக்கும். சி எழுதியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் அதே செய்திதான், நிரலைக் கொன்றுவிடும். இங்கே ரன்டைம் அந்தக் குரலைத் தானே வாங்கிக்கொள்கிறது. பிழை நேர்ந்த கட்டளை வாஸம் பகுதியைச் சேர்ந்ததா என்று பார்த்து, அந்த ஒரு நிரலை மட்டும் நிறுத்துகிறது. பக்கத்தில் ஓடும் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நிரலுக்குக் கூடுதல் மெமரி தேவைப்பட்டால் அடுத்த பக்கங்களின் குறியை மாற்றினால் போதும். எதையும் இடம்பெயர்க்க வேண்டியதில்லை. 128 டிபியை 8 ஜிபியால் வகுத்துப் பாருங்கள், 16,384 வரும். கணக்குப்படி ஒரு புராசஸுக்குள் அத்தனை நிரல்கள். இன்னும் நெருக்கி அடுக்க நினைக்கும் ரன்டைம்கள் ‘தொடாதே’ குறியிட்ட காவல் பகுதியைச் சிறிதாக்கிவிட்டு, ஆஃப்செட் மிகப் பெரிதாக வரும் அபூர்வமான இடங்களில் மட்டும் ஒப்பிட்டுக்கொள்கின்றன.

அதே பக்க அட்டவணை இன்னோர் உதவியும் செய்கிறது. நிரலின் தொடக்க நிலை மெமரியை ஒரு படிமமாக வைத்துக்கொண்டு, அதை எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவாகக் காட்டலாம். யாராவது எழுதும்போது, எழுதப்படும் பக்கத்துக்கு மட்டும் தனி நகல். வேலை முடிந்ததும் நகல்களை வீசிவிட்டால் பழைய படிமம் அப்படியே இருக்கும். ஃபாஸ்ட்லி என்ற கிளவுட் நிறுவனம் 2019-இல் தன் லூசெட் ரன்டைம் ஒரு நிரலை 50 மைக்ரோவினாடிக்குள் எழுப்புவதாக அறிவித்தது. 2022-இல் வாஸம்டைம் என்ற ரன்டைமின் 1.0 பதிப்பு வந்தபோது, ஒரு முழு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினைக் கொண்ட பெரிய வாஸம் நிரலையே சுமார் 5 மைக்ரோவினாடியில் எழுப்பினார்கள். நிரல் தயாராகும் நேரம் மட்டும்தான் இது. வெளியிலிருந்து இயந்திரக் குறியீட்டை ஏற்றும் வேலை முன்பே முடிந்திருக்கும். அப்படியிருந்தும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புத்தம் புது நிரல் என்பது இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெய்நிகர் மெமரி 1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் வந்தது. நோக்கம், சிறிய மெமரியைப் பெரிதாகக் காட்டுவது. நம்பாத நிரலை மென்பொருளால் வேலிகட்டி அதே முகவரி வெளியில் ஓட்டலாம் என்று பெர்க்லி ஆய்வாளர்கள் நான்கு பேர் 1993-இல் கட்டுரை எழுதினார்கள். இன்றைய பொருளில் சர்வர்லெஸ் என்ற சொல்கூட அன்று கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்றைய கிளவுடுக்கு உதவுகின்றன. மூன்று ஆண்டில் என்ன பொருள் சந்தைக்கு வரும் என்று கேட்டுவிட்டுத்தான் ஆய்வுக்குப் பணம் கொடுப்போம் என்றால் இப்படிப்பட்டவை பிறக்காது. உள்நாட்டு மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆய்வுக்குச் செலவிடாத நம் நாட்டில், கொடுக்கும் கொஞ்சத்தையும் உடனடிப் பயனை அளந்து கொடுப்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

ஜாவாவுக்கு வருவோம். ஜாவா நிரல் சாதாரணமாக ஓடும்போது கோப்புகளும் நெட்வொர்க்கும் அதன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அதைக் கட்டுப்படுத்த வைத்திருந்த செக்யூரிட்டி மேனேஜர் 2021-இல் ஓய்வுப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2025-இல் நிரந்தரமாக முடக்கப்பட்டது. வாஸம் தொடங்குவதே வெறுங்கையோடு. தனக்கு என்னென்ன வேண்டும் என்று கோப்பிலேயே பட்டியலிட வேண்டும். ஓட்டுபவர் கொடுத்தால் உண்டு. ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் அந்த ஃபோல்டர் மட்டும்தான். இதனால்தான் இணையக் கடைகளுக்கான தளமான ஷாப்பிஃபை, வெளியார் எழுதும் தள்ளுபடி விதிகளைத் தன் சர்வருக்குள்ளேயே வாஸமாக ஓட்டுகிறது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. முடிவில்லாமல் சுற்றும் லூப்பை மெமரி வேலி நிறுத்தாது. அதற்கு ரன்டைம் தனியாக நேரக் கணக்கு வைக்க வேண்டும். 2018-இல் வெளிவந்த ஸ்பெக்டர் ஓட்டை, பிராசசர் முன்கூட்டியே ஊகித்து ஓடும்போது வேலியைத் தாண்டிக் கசியும் வகை. ஒரே புராசஸில் பலரை அடுக்குபவர்கள் அதற்கென்று கூடுதல் தடுப்புகளைச் சேர்த்தே ஆக வேண்டும்.

2025 செப்டம்பரில் வந்த வெப்அசெம்ப்ளி 3.0, 64 பிட் முகவரிகளை அனுமதிக்கிறது. 4 ஜிபி போதாத வேலைகளுக்கு இது தேவைதான். ஆனால் இன்டெக்ஸே 64 பிட் ஆகிவிட்டால் அதைச் சுற்றி வேலி போடும் அளவுக்கு எந்தப் பிராசசரிலும் முகவரி வெளி கிடையாது. ஆகவே அந்த நிரல்களில் ஒப்பிடும் கட்டளைகள் திரும்ப வந்துவிடுகின்றன. உங்கள் ஃபங்ஷனுக்கு 4 ஜிபி போதுமென்றால் 32 பிட்டிலேயே கம்பைல் செய்யுங்கள்.