எதிரொலிக்குச் சிக்காத திட்டு

பாம்பன், மண்டபம் விசைப்படகுகளில் பொருத்தியிருக்கும் எக்கோ சவுண்டர் கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைத் திரையில் வரைகிறது. நீரும் மீனும் அடர்த்தியிலும் ஒலி பாயும் வேகத்திலும் வேறுபடுவதால்தான் எதிரொலி பிறக்கிறது. வேறுபாடு இல்லாத இடத்தில் கருவிக்கு ஒன்றும் தெரியாது. மருத்துவமனை அல்ட்ராசவுண்டும் இதே முறையில் இயங்குவதுதான். பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் பிறவி மிகை இன்சுலின் நோயில் அது பயன்படாமல் போவதற்குக் காரணமும் இதுவே.

இந்நோயில், இரத்தச் சர்க்கரை குறைந்த பிறகும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பதை நிறுத்துவதில்லை. சர்க்கரை தீர்ந்தால் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களைக் கொண்டு மூளை ஓரளவு சமாளிக்கும். இன்சுலின் அந்த வழியையும் அடைத்துவிடுவதால், பிறந்த சில நாட்களிலேயே வலிப்பும் மீளாத மூளைப் பாதிப்பும் நேரக்கூடும். நோயை உறுதிசெய்வது இரத்தப் பரிசோதனையே. இன்சுலின் சுரப்பை அடக்கும் டயசாக்சைடு மருந்துக்கு நோய் கட்டுப்படாதபோதுதான் ஸ்கேனுக்கு வேலை வருகிறது: கோளாறு கணையம் முழுவதும் பரவியிருக்கிறதா, ஒரு திட்டில் மட்டும் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு முதல் துப்பைத் தருவது மரபணுச் சோதனை. 11ஆம் குரோமோசோமில் உள்ள இரண்டு ஜீன்களில் ஒன்றில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால் கணையம் முழுவதும் பாதிக்கப்படுகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். பிழை தந்தையிடமிருந்து மட்டும் வந்து, கரு வளரும்போது ஏதேனும் ஒரு செல்லில் அந்தக் குரோமோசோமின் தாய்வழிப் பகுதி தொலைந்துபோனால், அந்தச் செல்லின் வழிவந்தவை மட்டும் ஒரு திட்டாகத் திரள்கின்றன. பெரும்பாலும் 1 செ.மீ.க்கும் குறைவான அத்திட்டு, நிறத்திலும் அடர்த்தியிலும் சுற்றியுள்ள கணையத்தைப் போலவே இருப்பதால், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களுக்கும் பெரும்பாலும் பிடிபடுவதில்லை.

மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகும் இரவுகளில், மீன் அசையும் இடமெல்லாம் நீர் மின்னும்; மீனின் உருவம் தெரியாவிட்டாலும் அது எங்கே அசைகிறது என்பது தெரிந்துவிடும். உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் சேரும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனும் ஏறக்குறைய அப்படித்தான், உருவத்தை விட்டுச் செயலைத் தேடுகிறது. பீட்டா செல்கள் டோபா என்னும் அமினோ அமிலத்தை உள்ளிழுத்து டோபமினாக மாற்றிச் சேமிப்பவை. கதிரியக்கம் உள்ள ஃபுளோரின்-18 பிணைத்த டோபாவைக் குழந்தையின் நரம்பில் செலுத்தினால், மும்முரமாக இயங்கும் திட்டில் அது மிகுதியாகச் சேர்கிறது. ஃபுளோரின் சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் என்னும் எதிர்த்துகள், எலெக்ட்ரான் ஒன்றுடன் மோதி அழிய, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. குழந்தையைச் சுற்றியுள்ள வளையம் அவ்விரண்டையும் ஒரே கணத்தில் பதிவுசெய்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. சிறுநீரகமும் பித்தப்பையும்கூட ஒளிரும் என்பதால், கணையத்தின் தலைப்பகுதியில் உள்ள திட்டைப் பிரித்தறிவதற்குப் பழகிய கண் வேண்டும்.

இடம் தெரிந்துவிட்டால் அறுவை மருத்துவர் திட்டை மட்டும் வெட்டியெடுக்க, குழந்தை முழுமையாகக் குணமடைய வழியுண்டு. நோய் பரவிய வகையிலோ, மருந்து பலிக்காதபோது 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட கணையத்தை நீக்க நேரலாம். அக்குழந்தைகளில் பலர் பிற்காலத்தில் நீரிழிவுக்கு ஆளாகின்றனர்.

ஃபுளோரின்-18இன் அரையாயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடங்களே. மதுரையில் தயாரித்தால்கூட, ராமேசுவரம் வந்துசேரும் மூன்று மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட எஞ்சாது. ஆகவே இந்த ஸ்கேன் மருந்து கடற்கரைக்கு வருவதில்லை; கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தையைத்தான், சொட்டு நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஸ்கேன் இருக்கும் பெருநகருக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.