தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

"ஒரு வாரமா சோத்தைக் கண்டாலே ஓடுறா டாக்டர். வயித்துல பூச்சிதான், மருந்து எழுதிக் குடுங்க" என்று நாலு வயதுப் பேத்தியோடு வந்தார் ஒரு பாட்டி. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கலர் பென்சிலைக் கொடுத்து அம்மாவை வரையச் சொன்னேன். பெரிய வட்டமாக வயிறு, அதற்குள் ஒரு பாப்பா, பாப்பாவின் தலைமேல் வரிசையாக இட்லிகள்!

அம்மாவுக்கு ஏழாம் மாதம். "வயிறு ஏன் பெருசாச்சு?" என்று பிள்ளை கேட்டதற்கு "நிறையச் சாப்பிட்டேன், பாப்பா வந்துடுச்சு" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டால் பாப்பா வரும், அதன் தலையில் இட்லி விழும். அவள் கணக்கில் தப்பே இல்லை. பட்டினி கிடந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள்.

இது முதல் பிள்ளையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆபரேஷன் என்றால் அம்மாவை இரண்டாக வெட்டுவார்கள் என்று நினைத்து ராத்திரியெல்லாம் அழுத பையன், தன்னை நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கிவிட்டார்கள் என்று நம்பி, தம்பி பிறந்ததும் துணிப்பையில் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்ட பையன் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். (தத்தெடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தத் தவிட்டுக் கேலி வேண்டவே வேண்டாம். விருந்தாளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஆடிப்பெருக்கன்று காவேரிக்கு மசக்கை என்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு, காதோலை கருகமணியோடு படித்துறைக்குப் போகிறவர்கள் நாம். கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் கரு தங்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டி, பிரசாத நெய் வாங்கி வர திருக்கருகாவூருக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம். வீட்டில் பசு கன்று போடும்போது "அங்கே என்ன பார்வை, உள்ளே போ" என்று விரட்டுகிறோம். கன்றைத் துடைக்க வைக்கோல் வேண்டும் என்றால் அதே பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். கன்று எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாதா என்ன? தெரியும். கேட்டால் அடி விழும் என்பதும் தெரியும்.

"இந்த வயசுல அதையெல்லாம் சொன்னா கெட்டுப் போயிடாதா?" எழுதப் படிக்கத் தெரியாதவரிலிருந்து கல்லூரிப் பேராசிரியர் வரை என்னிடம் கேட்கிற கேள்வி இது. பொறுமையாகவே சொல்கிறேன். எதையெல்லாம்? நாலு வயதுப் பிள்ளை கேட்பது இடத்தைப் பற்றி: பாப்பா இப்போது எங்கே இருக்கிறது, எப்படி வெளியே வரும். புருஷன் பெண்டாட்டி விஷயம் அந்தக் கேள்வியில் இல்லவே இல்லை. அது உங்கள் தலைக்குள் ஓடுகிறது. முகம் சிவப்பதும் உங்களுக்குத்தான். யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியில் ஐந்து வயதிலிருந்தே பாடம் தொடங்குகிறது. இப்படிச் சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் இறங்கிவிடுவதில்லை என்றுதான் ஆய்வுகளும் காட்டுகின்றன. சரி, ஆய்வை விடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் போனில் மைக்கை அழுத்தி, "பாப்பா எப்படி வரும்" என்று அதுவே கேட்டுக்கொள்ளும். எழுதத் தெரிய வேண்டும் என்ற அவசியம்கூட இப்போது இல்லை. அங்கே என்னென்ன வரும் என்று பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன சொல்வது? மூன்று, நான்கு வயதுக்கு: "அம்மா உடம்புக்குள்ள பாப்பாவுக்குன்னே கர்ப்பப்பைன்னு ஒண்ணு இருக்கு. சாப்பாடு போற இடம் வேற." இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஒரு வாரம் பட்டினி கிடந்திருக்க மாட்டாள். எப்படி வெளியே வரும் என்று கேட்டால், "சிறுநீர் போற வழிக்கும் மலம் போற வழிக்கும் நடுவுல பாப்பா வர்றதுக்குத் தனி வழி இருக்கு. சில பேருக்கு டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, வயித்துல கொஞ்சமாத் திறந்து எடுத்துட்டுத் தையல் போடுவாங்க." 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன். தழும்பைக் காட்டிச் சொல்ல முடிகிற அம்மாக்கள் நம்மிடம் ஏராளம். "வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ஆறு, ஏழு வயதில் எப்படி உள்ளே போனது என்று கேட்பார்கள். அம்மா உடம்பில் இருக்கும் முட்டையும் அப்பா உடம்பில் இருக்கும் விந்தணுவும் சேர்ந்தால் குழந்தை உண்டாகும். அவ்வளவு போதும், முக்கால்வாசிப் பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள். மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். கேட்ட நேரம் சரியில்லை, வளைகாப்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டது என்றால், "நல்ல கேள்வி, ராத்திரி சொல்றேன்" என்று சொல்லுங்கள். ராத்திரி மறக்காமல் சொல்லவும் வேண்டும்.

அப்புறம் அந்த "ஷேம் ஷேம்". உடம்பில் ஓர் இடத்துக்கு மட்டும் பெயரே கிடையாது, அவமானம்தான் என்று பழக்குகிறோம். சிறுநீர்த்தொற்றோடு வரும் பெண் குழந்தை எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தொப்புளைக் காட்டுகிறது. இது எனக்குத் தினப்படி தொல்லை, சமாளித்துக்கொள்வேன். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று மிரட்டினால்? வாயை மூடிக்கொள்ள வீட்டிலேயே பழகிய பிள்ளை அது. அந்த இடங்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும்தான். குளிப்பாட்டும்போது சொல்லலாம், தனியாக வகுப்பு எடுக்க வேண்டாம். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனே" என்று ஆரம்பிக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகு புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். சித்தப்பா, மாமா என்று குடும்ப மானம் பார்த்து மூடிவைப்பதை அந்தச் சட்டம் ஏற்காது. என்னிடம் வந்தாலும் நான் போலீசுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எங்களுக்கு வாய் வரல, நீங்களே சொல்லிடுங்க டாக்டர்" என்று பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறேன், எனக்கு ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் நீங்களும் உள்ளே வந்து உட்கார வேண்டும், அப்பாவும் சேர்த்து. நாளைக்கு அடுத்த கேள்வியை அது உங்களிடம்தான் கேட்கப்போகிறது.