ரெண்டு சென்டிமீட்டர்தானே தம்பி!

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. ரோலர் கோஸ்டர் வாசலில் ஓர் அப்பா, கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பையன். வாசலில் நட்டிருக்கும் அளவுகோலில் 120 என்ற இடத்தில் சிவப்புக் கோடு. பையனின் உச்சந்தலை அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. "118தான் சார் இருக்கு, ஏத்த முடியாது" என்கிறான் ஆபரேட்டர் தம்பி. அவனுக்கு வயது இருபத்திரண்டு. அப்பா குனிந்து பையன் காதில் ஏதோ சொல்கிறார். பையன் குதிகாலைத் தூக்குகிறான், தலை கோட்டைத் தொடுகிறது. "பாருங்க, சரியா இருக்கு." தம்பி பேசாமல் பையனின் காலைக் காட்டுகிறான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது. "ரெண்டு சென்டிமீட்டர்தானே தம்பி! முக்கால் மணி நேரமா வெயில்ல நிக்கிறோம். காசு குடுத்துத்தானே டிக்கெட் எடுத்தோம்?"

பன்னிரண்டு வருடங்களாகத் தீம் பார்க்கில் வேலை பார்க்கிறேன். இப்போது ரைடு பாதுகாப்பு என் பொறுப்பு. முதல் மூன்று வருடம் அந்தத் தம்பி பார்க்கும் வேலையைத்தான் நானும் பார்த்தேன். இந்தச் சண்டை சீசனில் தினமும் நடக்கும். அந்த அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை ஆசைப்பட்டதைச் செய்து கொடுக்க நினைக்கிறார். பூக்கடையில் ஒரு முழம் கூடக் கேட்பதுபோல இங்கேயும் கேட்டுப் பார்க்கிறார். அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கோட்டை நாங்களாகப் போடுவதில்லை. ரைடைச் செய்து அனுப்பும் நிறுவனம் கையேட்டிலேயே எழுதி அனுப்புகிறது. உயரத்தைச் சொன்னாலும் அவர்கள் மனதில் இருப்பது வேறு: உட்கார்ந்தால் முதுகு சீட்டில் படுகிறதா, முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிகிறதா, கால் தரையில் ஊன்றுகிறதா, கைப்பிடி எட்டுகிறதா, தொடை கம்பி பிடிக்கும் அளவுக்கு இருக்கிறதா. இதையெல்லாம் வாசலில் ஒவ்வொரு குழந்தைக்கும் அளந்துகொண்டிருக்க முடியாது. உயரத்தை ஒரு நொடியில் அளந்துவிடலாம். அதனால் உயரம்.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ட்ரெயின் மேட்டின் உச்சியைத் தாண்டிக் கீழே பாயும்போது வயிற்றில் ஜிலீரென்று எழும்புமே, அந்த நொடியில் ட்ரெயின் கீழே போகிறது, உங்கள் உடம்பு மேலேயே போகப் பார்க்கிறது. சீட் உங்களைத் தாங்குவதில்லை. தொடைமேல் இருக்கும் கம்பிதான் உங்களைப் பிடித்துத் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பேருக்கு ஒரே கம்பி இருக்கும் சீட்டில் அப்பாவும் பையனும் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். கம்பியை இறக்கினால் அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பையனின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே என் கை முழுதாக நுழையும். நுழைத்துப் பார்த்திருக்கிறேன். "நான் புடிச்சுக்கறேன் சார்" என்று எல்லா அப்பாக்களும் சொல்வார்கள், மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் வளைவில் மூன்று ஜி விசை, அதாவது எடையைப் போல மூன்று மடங்கு விசை, வந்தால் 20 கிலோ பிள்ளை 60 கிலோ மூட்டையாக இழுக்கும். உட்கார்ந்த இடத்தில் ஒரு கையால் அதைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதைவிடச் சின்ன ரைடு ஒன்றில் நின்றேன். ஒரு பெரிய குடும்பம், பதினைந்து பேர். அதில் ஒரு பையன் கோட்டுக்குக் கீழே இருந்தான். முடியாது என்றேன். அவர்களில் ஒருவர் மேலிடத்தில் யாரையோ தெரியும் என்று போன் போட்டார். ஐந்து நிமிடத்தில் என் வாக்கிடாக்கியில் குரல் வந்தது: "விட்டுடுப்பா, ஒரு ரவுண்டுதானே." விட்டுவிட்டேன். முதல் பள்ளத்தில் அந்தப் பையன் கம்பிக்கு அடியில் முன்னால் சறுக்கியிருக்கிறான். பிரேக் போட்டு ட்ரெயின் நின்றபோது தாடை கம்பியில் இடித்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினான், விரல் இடுக்கில் ரத்தம். முன்பல் இரண்டு போயிற்று, உதட்டில் மூன்று தையல். கெஞ்சிக் கேட்ட அதே அப்பா என் சட்டையைப் பிடித்தார். "அவன் சின்னப் பையன்னு தெரியும்ல, நீ ஏன்டா ஏத்துன?"

அவர் கேட்டது நியாயம். நான் ஏற்றியிருக்கக் கூடாது.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்: வாசலில் நீ முடியாது என்று சொன்னால், அதை மாற்ற எனக்கும் அதிகாரம் கிடையாது. மேனேஜருக்கும் கிடையாது. நாங்களே வளைந்துகொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆர்லாண்டோ இருக்கிறது. 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் சுமார் 130 மீட்டர் உயரக் கோபுர ரைடிலிருந்து 14 வயதுப் பையன் விழுந்து இறந்தான். தயாரிப்பாளரின் கையேட்டில் எடை வரம்பு ஏறத்தாழ 130 கிலோ, பையன் அதைவிட நல்ல எடை. தோள்மேல் இறங்கி உடம்பைப் பிடிக்கும் ஹார்னஸ் சரியாக மூடாவிட்டால் ரைடு கிளம்பவே கூடாது. ஆனால் இடைவெளி பெரிதாக இருந்தாலும் கிளம்பும்படி அந்த சீட்டின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. அங்கே தவறு பையன்மேல் இல்லை. "பரவாயில்லை, ஏறிக்கட்டும்" என்ற எண்ணத்தின்மேல்தான். வாசலில் நின்று நீங்கள் எங்களைக் கேட்பதும் அதே எண்ணத்தைத்தான்.

அப்புறம் வேலி. எங்கள் வேலிகளில் மண்டை ஓட்டுப் படம் போட்டு, சிவப்பு எழுத்தில், தமிழில் பெரிதாகவே எழுதியிருக்கிறோம். ஆனாலும் வருடத்துக்கு நாலைந்து பேராவது தாண்டிவிடுவார்கள். காரணம் எப்போதும் அற்பமானது. தொப்பி, கூலிங் கிளாஸ், செருப்பு, இப்போதெல்லாம் செல்போன்.

2008 ஜூனில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டு வேலிகளைத் தாண்டி கோஸ்டர் தடத்துக்குக் கீழே போனான். விழுந்த தொப்பியை எடுக்கப் போனதாகச் சொன்னார்கள். தடத்துக்குக் கீழே சீட் தொங்கும் வகை ரைடு அது, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அவன் அங்கேயே இறந்தான். அதே ரைடில் 2002-இலும் ஒரு சாவு. தடைசெய்த பகுதிக்குள் இருந்த தோட்ட ஊழியர் ஒருவரை, மேலே தொங்கிப் போனவரின் கால் தலையில் அடித்தது. 2015 ஆகஸ்டில் ஒஹாயோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் மறுபடியும் அதே கதை. ரைடில் தவறவிட்ட பொருளைத் தேடி வேலிக்குள் போன ஒருவர் ட்ரெயின் மோதி இறந்தார். தண்டவாளம் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கிறதே, கீழே நடந்தால் என்ன என்றுதான் கண்ணுக்குத் தோன்றும். ட்ரெயின் வரும்போது உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள் எவ்வளவு கீழே வரும் என்பது வெறும் தடத்தைப் பார்த்தால் தெரியாது.

உங்கள் போன் விழுந்துவிட்டதா? எங்களிடம் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறோம். எப்படி எடுக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரைடை நிறுத்தி, மின்சாரத்தை அணைத்து, சுவிட்சில் பூட்டுப் போடுவோம். அந்தப் பூட்டின் சாவி உள்ளே போகும் ஊழியரின் பாக்கெட்டில் இருக்கும். அவர் வெளியே வந்து தன் கையால் பூட்டைத் திறக்கும்வரை வேறு யாராலும் ரைடை ஓட்ட முடியாது. திரும்ப ஓட்டுவதற்கு முன் காலியாக ஒரு ரவுண்டு விடுவோம். இவ்வளவுக்கும் நேரம் ஆகும், அதனால் பெரும்பாலும் சாயங்காலம்தான் எடுப்போம். பல வருடம் இந்த ரைடிலேயே வேலை பார்க்கும் ஆட்களே இத்தனை செய்துவிட்டுத்தான் வேலிக்குள் கால் வைக்கிறார்கள்.

அதைவிட, போனைக் கையில் எடுக்காமலே ஏறலாம். ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் போன் தரைக்கு வரும்போது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். கீழே வரிசையில் நிற்பவர்களில் தாய்மார்கள் உண்டு, இடுப்பில் குழந்தை உண்டு.

துப்பட்டாவும் கூந்தலும் எனக்குத் தனிக் கவலை. இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது, கழுத்தில் போட்டிருந்த நீளமான சால்வை காரின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால். நூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அதே மாதிரி நடக்கிறது. 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020-இல் ஹைதராபாத் அருகிலும் கோ-கார்ட் ஓட்டப்போன இளம்பெண்கள் கூந்தல் வண்டியில் சிக்கி இறந்தார்கள். கோ-கார்ட்டின் இன்ஜினும் அச்சும் முதுகுக்குப் பின்னாலேயே, சீட்டை ஒட்டிச் சுழல்கின்றன. எங்கள் ஊர்ப் பெண்களின் பின்னல் சீட்டின் பின்னால் தொங்கும் இடமும் அதுதான். கொண்டை போட்டு வலைக்குள் அடக்கி, ஹெல்மெட்டின் பட்டையை இறுக்கின பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். எங்கள் பெண் ஊழியர்கள் "அக்கா, துப்பட்டாவைக் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டால் சங்கடப்படாதீர்கள். கூச்சமாக இருந்தால் மேலே போட ஒரு ஜாக்கெட் கேளுங்கள், எடுத்துத் தருவோம். துப்பட்டாவோடு மட்டும் ஏறாதீர்கள்.

தண்ணீர்ப் பக்கம் வந்தால், நைலான் உடை கட்டாயம் என்ற போர்டைப் பார்த்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வாடகைக்குக் குடுத்துக் காசு பார்க்கிறாங்க." வீட்டிலிருந்து கொண்டுவந்தாலும் எங்களுக்குச் சம்மதமே. பருத்தித் துணியும் ஜீன்ஸும் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். ஜீன்ஸின் உலோகக் குமிழ் சறுக்கின் வழுவழுப்பைக் கீறிவிடும். பின்னால் வருபவரின் முதுகில் அந்தக் கீறல்தான் கிழிக்கும். சறுக்கில் மல்லாந்து படுத்து, கையை நெஞ்சில் கட்டி, கணுக்காலைப் பின்னிக்கொள்ளச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கால் விரிந்திருந்தால் அந்த வேகத்தில் தண்ணீர் உடம்புக்குள் பீய்ச்சும், இடுப்புக்கீழே மோசமான காயம் ஆகும். முன்னால் போனவர் எழுந்து நகர்வதற்குள் நீங்கள் கிளம்பினால், உங்கள் பாதம் அவர் முதுகெலும்பில் போய் இடிக்கும்.

இறங்குமுன் ஷவரில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். தலை எண்ணெயும் வியர்வையும் தண்ணீரில் போட்ட குளோரினைத் தின்றுவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை சுத்தத்தின் வாடை என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்வதால் வருவது அது. வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையைத் தயவுசெய்து இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

செயற்கை அலை அடிக்கும் வேவ் பூல்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும் இடம். மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டிக் கூப்பிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க லைஃப்கார்டு, அதாவது மூழ்குபவர்களைக் காப்பாற்றும் காவலர், பல வருடம் கவனித்து எழுதியது வேறு. மூச்சுக்குத் தவிக்கும் வாய்க்குக் கூப்பிட நேரம் இல்லை. கை தானாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், மேலே எழாது. 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்குக் குழந்தை துள்ளி விளையாடுவது போலத்தான் தெரியும். "கை எட்டும் தூரத்தில் பெரியவர் இருக்க வேண்டும்" என்ற வரி அதற்காகத்தான். கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே "கண்ணு அங்கதான் இருக்கு" என்பது போதாது. குடித்துவிட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர்களைத் தூக்க இறங்குகிற லைஃப்கார்டும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

எங்கள் பக்கமும் தப்பு இருந்தது, சொல்லிவிடுகிறேன். ஒரே போர்டில் பதினான்கு விதிகள், பொடி எழுத்து, பாதி ஆங்கிலம், அதுவும் வரிசையின் கடைசியில். முக்கால் மணி நேரம் நின்ற பிள்ளையிடம் அங்கே போய் "நீ ஏற முடியாது" என்றால் அழாமல் என்ன செய்யும்? இப்போது டிக்கெட் கவுண்டரிலேயே அளந்து, உயரத்துக்கு ஏற்ற நிறத்தில் கையில் பட்டை கட்டிவிடுகிறோம். அப்படியும் பட்டையை மாற்றிக் கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. நீங்கள் கிளம்புமுன் வீட்டிலேயே, செருப்பில்லாமல், சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வழியிலேயே பிள்ளையிடம் பேசிவிடுங்கள். மனதைத் தேற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி என்னைக் கூப்பிட்டான். கோஸ்டர் வாசலுக்குப் பக்கத்தில், கம்பியோடு ஒரு மாதிரி சீட்டை வைத்திருக்கிறோம். அப்பாவையும் பையனையும் அதில் உட்காரச் சொன்னேன். கம்பியை இறக்கினேன், அப்பாவின் தொடையில் நின்றது. "உன் கையை உள்ளே விட்டுப் பாரு கண்ணா" என்றேன். பையன் விட்டான், மணிக்கட்டு வரை போனது. இன்னும் கொஞ்சம் தள்ளினான், முழங்கை வரை போனது. நிமிர்ந்து பார்த்து, "கை போகுதுப்பா" என்றான்.

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை அவரே தூக்கிவிட்டு எழுந்தார். "சின்ன ட்ரெயின் எந்தப் பக்கம் தம்பி?" என்று ஆபரேட்டரிடம் கேட்டார்.